எண் எழுதாத பில்லோடு மலையேறும் பழைய கணினிகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 ஏறாத கணினிகளை அலுவலகங்கள் கழித்துக்கட்டுகின்றன. அப்படிக் கழித்த பெட்டிகள் கோவையிலிருந்தும் மைசூரு பக்கமிருந்தும் நீலகிரிக்கு வருகின்றன. "ஐ5, 8 ஜிபி, 500 ஜிபி, மானிட்டரோடு" என்று வாட்ஸ்அப்பில் விளம்பரம் பார்த்து, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் பிள்ளைகளின் படிப்புக்கும் கடைக் கணக்குக்கும் வாங்குகிறார்கள். வாங்கட்டும், நல்ல சரக்குதான் நிறைய வருகிறது. குறை என்னவென்றால், விளம்பரத்திலும் சரி, பிறகு கையில் கொடுக்கும் பில்லிலும் சரி, கணினியின் மூளையான ப்ராசஸரின் முழு எண் இருப்பதில்லை. எந்த ரேம் பொருந்தும், எந்த விண்டோஸ் ஏறும், இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும் என்பதெல்லாம் அந்த எண்ணைப் பொறுத்தது.

ஐ3, ஐ5 என்பவை இன்டெல் ப்ராசஸர்களின் வரிசைப் பெயர்கள். ஐ5 என்பதில் வயது தெரியாது. அதன் பின்னால் வரும் எண்ணில்தான் தெரியும். 650 என்று மூன்று இலக்கம் இருந்தால் முதல் தலைமுறை, 2010-இல் வந்தது. 2400 என்றால் இரண்டாம் தலைமுறை, 3470 மூன்று, 4590 நான்கு, 6500 ஆறு, 8500 எட்டு. 10400 என ஐந்து இலக்கம் வந்தால் முதல் இரண்டு இலக்கத்தைப் படிக்க வேண்டும். அது பத்தாம் தலைமுறை. 8100 எண்ணுள்ள ஐ3, 2400 எண்ணுள்ள ஐ5-ஐ எளிதாக முந்தும். ஆகவே "ஐ3 வேண்டாம், ஐ5 கொடுங்கள்" என்று கேட்பவர் பல நேரம் கூடுதல் பணம் கொடுத்து மெதுவான பெட்டியை வாங்கிப் போகிறார். எண்ணின் கடைசியில் 'டி' இருந்தால் பெரும்பாலும் 35 வாட் அளவில் ஓடும் சிக்கன வகை. வேகம் கொஞ்சம் குறையும், கரண்டும் குறையும். வீட்டுக்கு அது போதும்.

மாடல் பெயர் தெரிந்தால் எண் தேவையில்லையே என்று நினைக்க வேண்டாம். டெல் ஆப்டிபிளெக்ஸ் 7010 என்ற பெயரில் 2012-இல் மூன்றாம் தலைமுறைப் பெட்டி வந்தது. அதே பெயரை அந்த நிறுவனம் 2023-இல் பதின்மூன்றாம் தலைமுறை வரிசைக்கும் வைத்தது. இரண்டுக்கும் இடையே பதினோரு வருடம். விளம்பரத்தில் "ஆப்டிபிளெக்ஸ் 7010" என்று மட்டும் போட்டால் பொய் சொன்னதாகவும் ஆகாது, உண்மை சொன்னதாகவும் ஆகாது. ஹெச்பி எலைட்டெஸ்க் 800 வரிசையில் ஜி1 என்றால் நான்காம் தலைமுறை, ஜி2 ஆறாம், ஜி4 எட்டாம் தலைமுறை. அந்த 'ஜி' எண்ணை விட்டுவிட்டு "எலைட்டெஸ்க் 800" என்று மட்டும் சொல்வதும் வழக்கமாகிவிட்டது.

இன்னொரு வகைச் சரக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பளபளப்பான புது கேபினெட், உள்ளே வண்ண விளக்கு, புது கீபோர்டு, புது மவுஸ். "புது அசெம்பிள் சிஸ்டம்" என்று விற்பார்கள். திறந்து பார்த்தால் எச்61 சிப்செட் (போர்டின் இணைப்புகளை ஆளும் சிப்) உள்ள போர்டும், பழைய பெட்டியிலிருந்து கழற்றிய இரண்டாம் அல்லது மூன்றாம் தலைமுறை ஐ5-உம் இருக்கும். எச்61 என்பது 2011-இல் வந்த சிப்செட். ரேம் போட இரண்டு இடம்தான். டிஸ்க் மாட்டும் அதன் சாட்டா இணைப்பு நொடிக்கு 3 கிகாபிட்டோடு நின்றுவிடும், ஆகவே எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) தன் வேகத்தில் பாதியைத்தான் காட்டும். இதற்குக் கொடுக்கிற விலையில் ஆறாம் தலைமுறை அலுவலகப் பெட்டி கிடைக்கும். எங்களைக் கேட்டால், கீறல் விழுந்த டெல், ஹெச்பி, லெனோவோ பெட்டி எதுவும் இந்தப் புதுப் பெட்டியைவிட மேல். அவற்றின் மதர்போர்டும், அதற்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸும் பல ஆண்டு தினசரி உழைப்புக்கென்று செய்தவை.

யாருக்கு எது? பள்ளிப் பிள்ளைகளுக்கு நான்காம் தலைமுறையே போதும். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் 11-ஆம் வகுப்புக் கணினி அறிவியலில் சி++, 12-இல் பைத்தான். இரண்டும் எந்தப் பழைய பெட்டியிலும் ஓடும். ஆனால் ஜிஎஸ்டி தாக்கலுக்கோ டெண்டருக்கோ டிஜிட்டல் கையொப்ப டோக்கன் செருகுபவர்கள், ஆதார் கைரேகைக் கருவி வைத்திருப்பவர்கள், டாலியில் கணக்கு எழுதுபவர்கள் விண்டோஸை விட்டு வெளியே வர முடியாது. அவர்கள் எட்டாம் தலைமுறைக்குக் கீழே வாங்கக் கூடாது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறை, டிபிஎம் 2.0, செக்யூர் பூட் (பின்னிரண்டும் பாதுகாப்பு வசதிகள்) மூன்றும் வேண்டும். "எந்தப் பெட்டியிலும் 11 போட்டுத் தருகிறோம்" என்பவர்கள் இந்தச் சோதனையைத் தாண்டிக் குதிக்கும் வழியில் போடுகிறார்கள். போட்ட அன்று ஓடும். ஆண்டுக்கொரு முறை வரும் பெரிய புதுப்பிப்பு தானாக வராது. ஒவ்வொரு முறையும் யாராவது உட்கார்ந்து மறுபடி தாண்டிக் குதிக்க வைக்க வேண்டும். ஐ வரிசைக்கும் முந்தைய கோர் 2 டூவோ பெட்டிகளில் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு தொடங்கவே மறுக்கிறது. விண்டோஸ் 10-லேயே இருந்து, கூடுதல் பாதுகாப்புப் புதுப்பிப்புக்குப் பதிவு செய்துகொண்ட தனிநபர்களுக்கும் 2026 அக்டோபர் 13 வரைதான் தவணை.

வாங்கும் இடத்தில் அரை மணி நேரம் கேளுங்கள். தர மறுக்கிற கடையில் வாங்காதீர்கள். விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச லினக்ஸ் மிண்ட்டை ஒரு பென் டிரைவில் எழுதி எடுத்துப்போங்கள், இன்னொன்றில் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+. ஆன் செய்ததும் டெல்லிலும் லெனோவோவிலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9 தட்டினால் எதிலிருந்து தொடங்குவது என்ற பட்டியல் வரும். அங்கேயே பாஸ்வேர்டு கேட்டால் பழைய அலுவலகம் போட்ட பூட்டு இன்னும் நீங்கவில்லை என்று பொருள். ஆப்டிபிளெக்ஸ் போர்டுகளில் அதை நீக்க ஒரு ஜம்பர் (சிறு இணைப்புத் துண்டு) உண்டு. விற்பவர் நம் கண்ணெதிரே நீக்கித் தரட்டும். "வீட்டுக்குப் போய் எடுத்துக்கலாம்" என்ற பேச்சை ஏற்க வேண்டாம்.

லினக்ஸ் பென் டிரைவிலிருந்து திரை வந்ததும் சிஸ்டம் விவரப் பக்கத்தில் ப்ராசஸர் எண்ணைப் பாருங்கள். பெட்டியின் மேல் ஒட்டிய ஸ்டிக்கர் சாட்சியாகாது. ஸ்டிக்கர் தனியாக விற்கிறது. அடுத்தது டிஸ்க்ஸ் என்ற செயலியில் ஹார்ட் டிஸ்க்கின் ஸ்மார்ட் விவரம், அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் பட்டியல். 5, 197, 198 ஆகிய மூன்று வரிகளிலும் மதிப்பு பூஜ்யமாக இருக்க வேண்டும். 5 என்பது பழுதாகி மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள், 197 பழுதாகுமோ என்று சந்தேகத்தில் நிற்பவை, 198 படிக்கவே முடியாதவை. 197-இல் ஒற்றை இலக்கம் இருந்தாலும் அந்த டிஸ்க்கில் கல்யாணப் புகைப்படங்களை வைக்காதீர்கள். 199-இல் எண் ஏறியிருந்தால் குற்றம் பெரும்பாலும் டிஸ்க்கில் இருக்காது, சாட்டா கேபிளில் இருக்கும். கேபிளை மாற்றினால் அதற்கு மேல் ஏறாது. ஓடிய மணி நேரம் 9-ஆவது வரியில் இருக்கும். அலுவலகத்தில் நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடினால் ஆண்டுக்குச் சுமார் 2,000 மணி. 40,000 காட்டினால் அது இரவும் பகலும் அணைக்காமல் ஓடிய பெட்டி, சிசிடிவி பதிவுக்கு வைத்திருந்ததாகவும் இருக்கலாம்.

யுஎஸ்பி துளைகள் எல்லாவற்றிலும் பென் டிரைவைச் செருகிப் பாருங்கள், முன்னால் உள்ளதுதான் முதலில் தளரும். நெட்வொர்க் துளை, ஹெட்ஃபோன் துளை, திரைத் துளை ஒவ்வொன்றையும் பாருங்கள். நான்காம் தலைமுறை ஆப்டிபிளெக்ஸ் 9020-இல் எச்டிஎம்ஐ கிடையாது; விஜிஏவும் டிஸ்ப்ளேபோர்ட்டும்தான். வீட்டு டிவியில் மாட்ட நினைப்பவர் டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் சின்ன அடாப்டரையும் சேர்த்துப் பேசி வாங்கலாம். மூடியைக் கழற்றி மதர்போர்டில் உருளை வடிவக் கெபாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்பு நீர் கசிந்திருந்தாலோ போர்டு நாள் எண்ணுகிறது. மெம்டெஸ்ட்டைக் கடையில் கால் மணி நேரம் ஓட்டினால் முழுச் சுற்று முடியாது. வீட்டில் இரவு முழுக்க ஓட்டுங்கள். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் அந்த ரேமைத் திருப்பிக் கொடுக்கலாம். அதற்காகத்தான் குறைந்தது பதினைந்து நாள் சோதனைக் காலம் என்று பில்லில் எழுதி வாங்கச் சொல்கிறோம். வாய்ப்பேச்சு மலையிறங்கிப் போனால் எடுபடாது.

மானிட்டரைத் தனியாகப் பாருங்கள். பழைய எல்சிடிகளில் பின்விளக்கு சிசிஎஃப்எல் குழாய். குளிரில் அது மங்கலாகத் தொடங்கிச் செம்மை தட்டி, சில நிமிடம் கழித்துத்தான் தெளியும். கோவை வெயிலில் நன்றாகத் தெரிந்த திரை மார்கழிக் காலையில் உதகையில் மங்கலாகத் தெரிவது அதனால்தான். பின்விளக்கு எல்இடியாக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை, கரண்டும் பாதி. சதுரத் திரைகள் மலிவாகக் கிடைத்தாலும் 1920-க்கு 1080 திரையையே பாருங்கள்.

மலைக்குக் கொண்டுவரும்போது மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளை நினைவில் வையுங்கள். டவர் பெட்டியை நிமிர்த்தி வைத்தால் ப்ராசஸர் மேல் உள்ள கனமான ஹீட் சிங்க் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டு வரும். முன்பக்கம் நம்மைப் பார்த்து இருக்கும்போது மதர்போர்டு வலப்பக்கத் தகட்டில் இருக்கும். அந்தப் பக்கம் கீழே வரும்படி படுக்க வையுங்கள். பஸ்ஸில் கூரைச் சுமையாகவோ டிக்கியிலோ போட வேண்டாம். ஹார்ட் டிஸ்க் இருந்தால் கழற்றித் துணியில் சுற்றிக் கைப்பையில் எடுத்துவாருங்கள். வந்தபின் திரை வரவில்லை என்றால் பதற வேண்டாம்; பத்தில் எட்டு முறை ரேம் இடம் நகர்ந்திருக்கும். கழற்றி, இரு முனைக் கொக்கியும் தானாக 'டக்' என்று மூடும் வரை அழுத்திப் போட்டால் சரியாகும்.

இனி மேம்படுத்துவது. முதல் ரூபாய் எஸ்எஸ்டிக்கு. இதில் எங்களிடையே கருத்து வேறுபாடே இல்லை. சுழலும் ஹார்ட் டிஸ்க், சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை நொடிக்கு நூறு சொச்சம்தான் எடுக்கும். சாட்டா எஸ்எஸ்டி பல்லாயிரம் எடுக்கும். கணினி "மெதுவாக இருக்கிறது" என்று சொல்வது பெரும்பாலும் இந்தத் தேடலைத்தான். 240 அல்லது 256 ஜிபி போதும். பழைய டிஸ்க் நன்றாக இருந்தால் படம், பாடம் வைக்க அதையே கூட வைத்துக்கொள்ளலாம். நான்காம் தலைமுறை வரை 2.5 அங்குல சாட்டா வகை வாங்குங்கள். எம்.2 வடிவ என்விஎம்இ என்ற இன்னும் வேகமான எஸ்எஸ்டியை ஒரு கார்டில் மாட்டி அந்தப் பெட்டிகளில் போட்டால் டிஸ்க் தெரியும், ஆனால் அதிலிருந்து கணினி தொடங்காது. ஆன் செய்ததும் முதலில் ஓடும் நிரலான பயாஸுக்கு, அந்தப் பெட்டிகளில், அதை எழுப்பத் தெரியாது. எஸ்எஸ்டியில் அசையும் பாகம் இல்லாததால் தாங்கு தட்டு இல்லாவிட்டாலும் இருபக்க ஒட்டு நாடாவால் கேபினெட்டில் ஒட்டலாம். மின்இணைப்பு போதாவிட்டால் டிவிடி டிரைவின் இணைப்பைப் பயன்படுத்தலாம் என்று பார்த்தால், சிறு பெட்டிகளில் அது அளவு குறைந்த வேறு வகை. மோலெக்ஸ் என்ற பழைய மின்இணைப்பிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் கேபிள் வாங்கினால், பிளாஸ்டிக்கை ஒரே வார்ப்பாக ஊற்றிய வகையை விட்டு, கம்பிகள் தனித்தனியாகக் கவ்விய வகையை வாங்குங்கள். வார்ப்பு வகையில் உள்ளே கம்பிகள் ஒன்றோடொன்று உரசி எரிந்தது பலருக்குத் தெரியும்.

பழைய டிஸ்க்கிலிருந்து அப்படியே படியெடுப்பதைவிடப் புதிதாக இன்ஸ்டால் செய்வதே நல்லது. முந்தைய அலுவலகத்தின் குப்பை, திருட்டு ஆக்டிவேட்டர், அதோடு வந்த வைரஸ் எல்லாம் படியெடுத்தால் கூடவே வரும். இன்ஸ்டால் செய்யும் முன் பயாஸில் சாட்டா ஆபரேஷன் (டிஸ்க்கோடு பேசும் முறை) என்ற இடத்தில் ரெய்டு என்றிருந்தால் ஏஎச்சிஐ என மாற்றுங்கள். விண்டோஸ் போட்ட பிறகு மாற்றினால் நீலத் திரைதான் வரும்.

ரேம் 8 ஜிபி வேண்டும். 16 ஜிபி வீடியோ வெட்டி ஒட்டுபவர்களுக்கு. நான்காம் தலைமுறை வரை டிடிஆர்3, ஆறிலிருந்து பெரும்பாலும் டிடிஆர்4. ஆறாம் தலைமுறையில் மட்டும் சில போர்டுகள் டிடிஆர்3எல் கேட்கும், ஆப்டிபிளெக்ஸ் 3040 அப்படி. போர்டைப் பார்க்காமல் வாங்க வேண்டாம். டிடிஆர்3-க்கு 240 ஊசி, டிடிஆர்4-க்கு 288. நடுவில் உள்ள வெட்டும் இடம் மாறியிருக்கும், ஆகவே மாற்றிச் செருக முடியாது, வலிந்து அழுத்தினால் துளை உடையும். ஒரே அளவில் இரண்டு துண்டு போட்டால் இரட்டை வழியில் ஓடும். உள்ளிருக்கும் கிராஃபிக்ஸுக்கு அது நல்லது. மிக மலிவாக வரும் இரண்டு வகைகளைத் தவிர்க்கவும். ஒன்று, சர்வர்களிலிருந்து கழற்றிய ரெஜிஸ்டர்டு ஈசிசி ரேம். இந்தப் பெட்டிகளில் அது ஓடாது. மற்றொன்று, ஏஎம்டி போர்டுகளில் மட்டும் ஓடும் 8 ஜிபி டிடிஆர்3. இன்டெல் போர்டில் போட்டால் பீப் சத்தம் மட்டும்தான்.

அடுத்தது ஒரு சின்னப் பாகம், ஆனால் மலையில் அதிகம் தொல்லை கொடுப்பது அதுதான்: மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி. புதிதில் 3 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டும்; 2.7-க்குக் கீழே போனால் மாற்ற வேண்டும். பிளக்கில் கரண்ட் இருக்கும் வரை பேட்டரி செத்தது தெரியாது. காற்று மழையில் மரம் விழுந்து இரண்டு நாள் கரண்ட் போன பிறகுதான் தெரியும். தேதி பல ஆண்டு பின்னால் போயிருக்கும். தேதி தவறினால் பிரவுசர் எந்தத் தளத்தையும் பாதுகாப்பற்றது என்று சொல்லித் திறக்காது. "நெட் வேலை செய்யவில்லை" என்று வருபவர்களில் சிலருக்குக் கோளாறு இந்தத் தேதியில்தான். இதைவிட மோசம், பயாஸ் அமைப்பு முழுவதும் ஆதி நிலைக்குத் திரும்பி, நாம் மாற்றிய ஏஎச்சிஐ மறுபடி ரெய்டாகி, விண்டோஸ் தொடங்காமல் நின்றுவிடும். டிஸ்க் போய்விட்டது என்று புது டிஸ்க் வாங்கிவிடுவார்கள். ஐம்பது ரூபாய்க்குள் முடியும் வேலை.

தூசியையும், ப்ராசஸரின் சூட்டை ஹீட் சிங்க்குக்குக் கடத்தும் பேஸ்ட்டையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். பிளக்கை உருவி, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து மிச்சக் கரண்டை இறக்குங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ஹீட் சிங்க்கைக் கழற்றிக் காய்ந்த பேஸ்ட்டை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, நடுவில் பாசிப்பயறைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு பொட்டு வைத்தால் போதும். நான்கு திருகையும் குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ப்ராசஸரைத் தூக்க வேண்டியதில்லை. இன்டெல்லில் ஊசிகள் போர்டில் இருப்பவை, ஒன்று வளைந்தால் போர்டே போச்சு.

செய்யத் தேவையில்லாதவையும் உண்டு. சின்னப் பெட்டியில் கிராஃபிக்ஸ் கார்டு போட ஆசைப்படுபவர்கள் எஸ்எம்பிஎஸ் லேபிளைப் பார்க்கட்டும்: 9020 சிறு பெட்டியில் 255 வாட்தான். துளையிலிருந்து கார்டுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 75 வாட். உயரம் குறைந்த கார்டுதான் உள்ளே நுழையும். ப்ராசஸர் மாற்றமும் பெரும்பாலும் வீண் செலவு. எட்டாம் தலைமுறை ப்ராசஸர், ஆறாம் தலைமுறை போர்டின் சாக்கெட்டில் அழகாக உட்காரும், இரண்டுக்கும் பெயர் 1151, ஆனால் ஓடாது. பெட்டிக்கு ஐயாயிரம் கொடுத்தவர் எஸ்எஸ்டி, ரேம், பேட்டரி தவிர வேறெதற்கும் செலவிடும் முன் அடுத்த தலைமுறைப் பெட்டியின் விலையை விசாரிப்பது நல்லது.

எஸ்எம்பிஎஸ் போனால் என்ன செய்வது என்பதை வாங்கும்போதே யோசிக்க வேண்டும். கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ்ஸில் 24 ஊசி இணைப்பு. டெல் 3020, 9020 போர்டுகளுக்கு 8 ஊசி. ஹெச்பி 800 ஜி1-க்கு 6. லெனோவோ எம்93பி-க்கு 14. மாற்றுக் கேபிள் கிடைக்கிறது, ஆனால் சிறு பெட்டிக்குள் சாதாரண எஸ்எம்பிஎஸ் அளவு பொருந்தாது. வெளியே தொங்கவிட்டு ஓட்ட வேண்டியிருக்கும். அதே மாடலின் பழைய எஸ்எம்பிஎஸ் கோவையில் கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். இடம் இருக்கும் வீட்டுக்குச் சிறு பெட்டியைவிட டவர் பெட்டி நல்லது என்று நாங்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கரண்ட் விஷயம். எஸ்எம்பிஎஸ் லேபிளில் 100–240 வோல்ட் என்று இருந்தால் மாலை நேரக் குறைந்த வோல்டேஜுக்கு ஸ்டெபிலைசர் வேண்டாம், அதுவே சமாளிக்கும். யுபிஎஸ் வேண்டும், 600 விஏ போதும். நான்காம் தலைமுறைப் பெட்டி சும்மா இருக்கும்போது 30 வாட் பக்கம்தான் இழுக்கிறது. எல்இடி மானிட்டர் 20. அதிலுள்ள 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி நல்ல நிலையில் சேமித்து அணைக்க வேண்டிய நேரத்தைத் தாராளமாகத் தரும். பயாஸில் ஏசி ரிகவரி என்ற அமைப்பை 'பவர் ஆஃப்' என்று வையுங்கள். இல்லாவிட்டால் மழைக்காலத்தில் கரண்ட் வந்து வந்து போகும் ஒவ்வொரு முறையும் கணினி தானாக எழுந்து பாதியில் விழும்.

கேபினெட்டைத் தொட்டால் 'சுர்'ரென்று இழுக்கிறது என்பவர்களுக்கு: கணினி கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டி சிறு மின்கசிவை எர்த்துக்கு அனுப்பும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. எர்த் இல்லாத சாக்கெட்டில் அது கேபினெட்டிலேயே நிற்கும். தோட்டத் தொழிலாளர்களின் பழைய லயன் வீடுகளில் மூன்று துளை சாக்கெட் இருந்தும் எர்த் கம்பி இழுத்திருக்க மாட்டார்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் போட வேண்டும், வேறு குறுக்குவழி கிடையாது. இடி இடிக்கும்போது பவர் பிளக்கை மட்டும் உருவிவிட்டு நெட் கேபிளை விட்டுவிடுகிறார்கள். மின்னல் அந்த வழியாகவும் வரும். மதர்போர்டில் நெட்வொர்க் துளை மட்டும் செத்துப்போன பெட்டிகள் பெரும்பாலும் இப்படிச் செத்தவை.

ஈரத்தைப் பற்றி இங்கே பலருக்குப் புரிதல் தலைகீழாக இருக்கிறது. சமவெளியிலிருந்து குளிருக்குக் கொண்டுவந்தால் வியர்க்கும் என்று பயப்படுகிறார்கள். குளிர்ந்த பொருளின் மேல் வெதுவெதுப்பான ஈரக்காற்று படும்போதுதான் நீர் கோக்கும். உதகையில் இரவெல்லாம் குளிர்ந்த பெட்டியை 2,240 மீட்டரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறக்கி உடனே ஆன் செய்வதுதான் ஆபத்து. இரண்டு மூன்று மணி நேரம் மூடியிருந்த உறையோடு காத்திருக்க வேண்டும். வீட்டுக்குள்ளும் அதேதான். உறைபனி இரவு கழிந்த காலையில் வெந்நீர் ஆவி பறக்கும் சமையலறையை ஒட்டிக் கணினி இருந்தால் உள்ளே நீர் கோக்கும். டெஸ்க்டாப் ஹார்ட் டிஸ்க்குகளை 0 அல்லது 5 டிகிரிக்குக் கீழே ஓட்டக் கூடாது என்று அவற்றைச் செய்தவர்களே சொல்கிறார்கள். ஜனவரியில் அவலாஞ்சி, எமரால்டு பக்கத்தில் இது வெறும் ஏட்டுப் பேச்சு இல்லை. உயரத்தால் டிஸ்க் கெடுமோ என்ற பயம் மட்டும் வேண்டாம். சுமார் 3,000 மீட்டர் வரை அவற்றுக்கு அனுமதி. தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்.

பந்தலூர், தேவாலா பக்கம் ஆனி ஆடியில் பூசணம் பிடிக்கும். அங்கே கணினியை மாதக்கணக்கில் அணைத்து வைப்பதைவிடத் தினம் அரை மணி ஓடவிடுவது நல்லது. அதன் சூடே உள்ளே உலர்த்தும். பிளாஸ்டிக் உறை ஈரத்தை அடைத்துவைக்கும். பருத்தித் துணி போதும், அதையும் அணைத்து ஆறியபின் போடுங்கள். ரேமின் தங்கப் பூச்சு விளிம்பில் படலம் பிடித்தால் பென்சில் ரப்பரால் தேய்க்கும் வழக்கம் நம் எல்லாக் கடையிலும் உண்டு. அவசரத்துக்கு ஆகும், அடிக்கடி தேய்த்தால் பூச்சே போய்விடும்; ஆல்கஹால் தொட்ட துணி மேல். பின்பக்கம் காலியாக உள்ள கார்டு துளைகளைத் தகட்டால் மூடுங்கள். எலி அங்கேதான் நுழைகிறது.

எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ள பெட்டிகளுக்கு லினக்ஸ் மிண்ட் 22-ஐப் பரிந்துரைக்கிறோம். 2029 வரை புதுப்பிப்பு வரும், பணம் கிடையாது. நான்கு ஜிபி ரேம்தான் இருக்கிறதென்றால் அதன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடுங்கள். ஐபஸ், எம்17என் என்ற தட்டச்சு மென்பொருள்கள் இரண்டையும் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகை வந்துவிடும். வைஃபை டாங்கிள் வாங்கி டிரைவருக்கு அலைவதைவிட, செல்போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் போட்டால் எந்த டிரைவரும் இல்லாமல் நெட் வரும். நான்காம் தலைமுறையில் யூடியூப் திணறினால் எச்.264 என்ற பழைய வீடியோ வடிவத்தையே கேட்கும் பிரவுசர் நீட்சியைப் போடுங்கள். புது வடிவங்களை விரிக்கும் சுற்று அந்தச் சிப்பில் இல்லாததால் ப்ராசஸர்தான் அவ்வளவையும் சுமக்கிறது. பிரிண்டரில் மட்டும் எச்சரிக்கை தேவை. கடைக்குக் கடை இருக்கும் கேனான் எல்பிபி 2900-ஐ லினக்ஸில் ஓட வைப்பது மல்லுக்கட்டு. ஹெச்பி லேசர்ஜெட் 1020 என்றால் எச்பிலிப் என்ற மென்பொருள் வழியாக அதன் பிளக்இன்னை ஒரு முறை இறக்கினால் முடிந்தது.

வீட்டில் உள்ள பழையதை விற்பவர்களும் டிஸ்க்கை அழித்துவிட்டுக் கொடுங்கள். ஃபார்மட் செய்தால் போதாது. முழு டிஸ்க்கிலும் ஒரு முறை பூஜ்யம் எழுத வேண்டும். ஆதார் நகலும் வங்கி அறிக்கையும் கிடக்கும் டிஸ்க்குகள் சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கின்றன. படக்குழாய் மானிட்டரை உடைத்துத் தேயிலைத் தோட்டத்து ஓடையில் வீசுவதும் நிற்க வேண்டும். அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது.

விற்பவர்களிடம் நாங்கள் கேட்பது இதுதான். பில்லில் ப்ராசஸரின் முழு எண், பெட்டியின் சீரியல் எண், ரேமின் வகையும் அளவும், டிஸ்க்கின் வகையும் ஓடிய மணி நேரமும், சோதனைக் காலம் எத்தனை நாள் என்பதும் எழுதித் தர வேண்டும். சீரியல் எண் எழுதினால் திருட்டுச் சரக்கும் தானாகக் குறையும். ஆசிரியர் அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: தங்கள் நாளிதழின் வரி விளம்பரப் பகுதிக்குப் பழைய கணினி விளம்பரம் வரும்போது ப்ராசஸர் எண்ணைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். நான்கைந்து இலக்கம்தான், கூடுதலாக ஒரு வரிகூடப் பிடிக்காது.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்க்கும் தொழிலில் உள்ள சிலர்,
குன்னூர், கோத்தகிரி.